பூடானின் காட்டுக் கணக்கு

நுழையும்முன்

வளர்ச்சி வேண்டும், அவ்வளர்ச்சியால் ஆறும் காடும் அழியவும் கூடாது. இவ்விரண்டையும் விரும்பாத அரசு உலகில் இல்லை. விரும்புவதற்குச் செலவு இல்லை. விரும்பியதைச் சட்டமாக்கும்போதுதான் கணக்குத் தொடங்குகிறது. நம் அண்டை நாடாகிய பூடான் அக்கணக்கை எவ்வாறு எழுதி வருகிறது என்பதை இப்பாடம் கூறுகிறது.

மாணவர்களே, இப்பாடத்தை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் வினா. சில ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு வங்கத்தின் வடகோடியில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தூவார்ஸ் பகுதியில் நான் பணியாற்றினேன். குளிர்காலத்தில் காலைப் பனிமூட்டம் விலகியதும் பள்ளித் தாழ்வாரத்தில் நின்று வடக்கே நோக்கினால் நீலநிற மலைகள் வரிசையாகத் தெரியும். அவை பூடானின் மலைகள். ஒருநாள் ‘நீடித்த வளர்ச்சி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ‘மரம் நடுவோம்’ என்றே எழுதியது. படைவீரர் ஒருவரின் மகள் மட்டும் எழுந்து, “ஐயா, அந்த மலையில் இருப்பவர்கள் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்களே, வெட்டாமல் இருப்பதற்கு அவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

‘நீடித்த வளர்ச்சி’ என்னும் தொடர் உலகெங்கும் பரவியது 1987-இல். நார்வே நாட்டுப் பிரதமர் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் அவ்வாண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்று வாழ்பவர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளலாம். ஆயினும் நாளை பிறக்கப்போகிறவரின் தேவைகளைப் பறித்துக்கொண்டு அதைச் செய்யலாகாது என்பது அதன் சாரம். 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை 17 இலக்குகளை வகுத்ததையும் நீங்கள் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இலக்குகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நாட்டின் நடைமுறையைக் கூர்ந்து நோக்குவது பயன் தரும் என்பது என் கருத்து.

தாமதமாகத் தொடங்கிய நாடு

பூடானின் பரப்பளவு 38,394 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழக் கேரளத்தின் அளவு. ஆனால் மக்கள்தொகையோ, 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏழு இலட்சத்துச் சொச்சம். நிலத்தின் பெரும்பகுதி செங்குத்தான மலைச்சரிவு. பயிர் செய்யத்தக்க நிலம் நூற்றில் பத்துக்கும் குறைவு. 1958-இல் பிரதமர் நேரு அந்நாட்டிற்குச் சென்றபோது அங்கு வண்டி செல்லும் சாலை கிடையாது. சிக்கிமிலிருந்து கணவாய் கடந்து, குதிரையிலும் யாக் எருமையிலும் நடந்தும் அவர் சென்றார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. அதற்கும் அடுத்த திட்டத்திற்கும் ஆன செலவு முழுவதையும் இந்தியாவே ஏற்றது. இந்திய எல்லையில் உள்ள புன்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்குச் சாலை அமைத்தவர்களும் நம் எல்லைச் சாலைத் துறையினரே.

தாமதமாகத் தொடங்கியதில் ஒரு நன்மையும் இருந்தது. முன்னே சென்ற நாடுகள் எங்கே இடறின என்பதைப் பூடானின் ஆட்சியாளர்கள் பார்த்துவிட்டனர். மரத்தை விற்றுப் பணமாக்கிய மலைநாடுகளில் சரிவுகள் மொட்டையாகி, மண் ஆற்றில் கரைந்து போயிற்று. சாலை வந்ததும் மரம் போகும் என்பதை உணர்ந்தே, 1969-இல் ஒரு சட்டம் இயற்றிக் காடுகள் அனைத்தையும் அரசின் உடைமையாக்கினர்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று அந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் உறுப்பு, நாட்டின் மொத்த நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு எக்காலத்தும் காடாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. ‘எக்காலத்தும்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் அரசமைப்புச் சட்டத்திலும் 1976-இல் செய்த திருத்தத்தின் வழியாகக் காடுகளைக் காப்பது அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் சேர்க்கப்பட்டது. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்பதும் 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையில் உண்டு. ஆனால் அது கொள்கை. எண் அரசமைப்புச் சட்டத்தில் ஏறவில்லை. பூடான் எண்ணையே சட்டத்தில் ஏற்றியது. 60 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 23,000 சதுர கிலோமீட்டர். நம் மேகாலய மாநிலத்தைவிடச் சற்று மிகுதி. அவ்வளவு நிலத்தையும் நாளைய அரசு எதுவும் நினைத்தவுடன் விற்றுவிட முடியாது. இன்று அங்குள்ள காட்டின் அளவோ ஏறத்தாழ 70 விழுக்காடு. நாடு வெளியிடும் கரியமில வாயுவைவிட அதன் காடுகள் ஈர்த்துக்கொள்வது மிகுதி. இந்நிலையிலிருந்து என்றும் இறங்கமாட்டோம் என்று 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டின்போது பூடான் உலகிற்கு வாக்களித்தது.

ஆறு தரும் வருமானம்

மரத்தை விற்காத நாடு எதை விற்கிறது? ஆற்றின் வேகத்தை விற்கிறது. மலையில் பெருகும் ஆற்றைச் சிறு அணையால் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கீழே பாயவிட்டுச் சுழலிகளை இயக்குகின்றனர். பின்னர் அந்நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்கிறது. பெரிய நீர்த்தேக்கம் கட்டிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வேண்டிய தேவை இம்முறையில் இல்லை. வாங் சூ ஆற்றின் மீது அமைந்த சூக்கா மின்நிலையம் 336 மெகாவாட் திறன் கொண்டது. 1986-க்கும் 1988-க்கும் இடையில் அது இயங்கத் தொடங்கியது. செலவில் 60 விழுக்காட்டை இந்தியா நன்கொடையாகவும் 40 விழுக்காட்டைக் கடனாகவும் அளித்தது. அதே ஆற்றில் சற்றுக் கீழே 1,020 மெகாவாட் திறனுள்ள தாலா மின்நிலையம் 2006, 2007 ஆண்டுகளில் பணி தொடங்கியது. 720 மெகாவாட் திறனுள்ள மாங்தேசூ 2019-இல் வந்தது. உள்நாட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. அவ்வருவாயில்தான் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருமளவு நடக்கின்றன. கல்வியும் மருத்துவமும் அங்கு இலவசம்.

இங்கே காட்டையும் ஆற்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். காடு அடர்ந்த சரிவு மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடும். மொட்டைச் சரிவிலிருந்து வரும் நீரோ மண்ணையும் மணலையும் அள்ளி வரும். மணல் சுழலியின் தகடுகளைத் தேய்த்துவிடும். ஆகவே பூடானின் வனச் சட்டத்தை அதன் மின்சாரக் கொள்கை என்றும் சொல்லலாம். ஊர்ப்புற வீடுகளுக்கு மாதம் 100 அலகு வரை மின்சாரத்தை இலவசமாக அளிக்கும் திட்டமும் இதைச் சார்ந்ததே. அடுப்புக்கு விறகு குறைந்தால் காட்டின் சுமை குறையும் அல்லவா?

ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. போப்ஜிகா என்னும் சதுப்புநிலப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வருகின்றன. அவ்வூர்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தபோது, கம்பங்களில் இழுத்த கம்பிகளில் பறவைகள் மோதி மடியும் என்று கருதி, கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தனர். அதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் வீடுகளுக்கு விளக்கும் வந்தது, கொக்குகளும் வருகின்றன.

நீர்மின்சாரத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. குளிர்காலத்தில் ஆறுகள் மெலிகின்றன. உற்பத்தி வெகுவாகக் குறைகிறது. கோடையிலும் மழைக்காலத்திலும் நமக்கு மின்சாரம் விற்கும் நாடு, குளிர்காலத்தில் நம்மிடமே மின்சாரம் வாங்குகிறது. அணைகளுக்காக வாங்கிய கடன், நாட்டின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பங்கு. 1,200 மெகாவாட் இலக்குடன் 2008-இல் தொடங்கிய புனாத்சாங்சூ முதல் திட்டத்தில், 2013-இல் அணைக்கருகே மலைச்சரிவு சரிந்து இறங்கியது. பணி பல ஆண்டுகள் பின்தங்கியது. செலவு பன்மடங்கு பெருகியது. மலை இளையது, அதைக் குடைபவர் அதன் குணத்தையும் ஏற்கத்தான் வேண்டும்.

பிறர் செய்த பிழை

அதே புனாத்சாங் ஆற்றின் தலைப்பகுதியில், பனிமலைகளின் அடிவாரத்தில், பனி உருகித் தேங்கிய ஏரிகள் பல உள்ளன. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று லுக்கே என்னும் ஏரியின் கரை உடைந்தது. போ சூ ஆற்றில் வெள்ளம் பாய்ந்து பழைய தலைநகரான புனாக்கா வரை சென்றது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறுகள் கூடுமிடத்தில் நிற்கும் பழம்பெரும் கோட்டை மடமும் சேதமுற்றது.

அதற்கு அருகிலேயே தோர்தோர்மி என்னும் மற்றோர் ஏரி உள்ளது. அதுவும் உடைந்தால் அழிவு பன்மடங்காகும். எனவே அதன் நீர்மட்டத்தைக் குறைக்கும் திட்டம் 2008-இல் தொடங்கியது. ஏரி இருப்பது 4,400 மீட்டர் உயரத்தில். பேரியந்திரங்களைக் கொண்டுசெல்ல வழியில்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பல நாள் நடந்து மேலேறினர். மூச்சுத் திணறும் குளிரில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு பாறையை அகற்றி வாய்க்கால் வெட்டினர். பனி பொழியாத சில மாதங்கள் மட்டுமே வேலை செய்ய முடியும். இவ்வாறு சில ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 5 மீட்டர் நீரை வடித்தனர்.

பனியை உருக்கும் வெப்பம் பூடானின் புகைபோக்கிகளிலிருந்து வந்ததன்று. தான் வெளியிடுவதைவிட மிகுதியாக ஈர்க்கும் நாடு அது. பெருந்தொழில் நாடுகள் இருநூறு ஆண்டுகளாக எரித்த நிலக்கரியின் விளைவை, கடப்பாரை ஏந்திய அம்மலைத் தொழிலாளி வெட்டி வடிக்கிறார். வளரும் நாடொன்றின் கொள்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் எல்லைக்குள் மட்டும் அது வெற்றிபெற்றுவிடாது என்பதை இவ்வேரியைப் போல் விளக்கும் சான்று வேறொன்றை நான் அறியேன்.

விருந்தினரும் கட்டணமும்

1974-இல் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முடிசூடிய காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பூடான் கதவைத் திறந்தது. அகலத் திறக்கவில்லை, பயணிகள் சிலராக வரட்டும், வருவோர் மிகுதியாகச் செலவிடட்டும் என்பதே அதன் கொள்கை. ஒவ்வோர் இரவுக்கும் பயணி செலுத்தும் தொகைக்கு ‘நீடித்த வளர்ச்சிக் கட்டணம்’ என்றே பெயர். நெடுங்காலம் அது 65 டாலராக இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2022 செப்டம்பரில் 200 டாலராக உயர்த்தினர். பயணிகள் வரவு குறைந்தது. விடுதி நடத்துவோரும் வழிகாட்டிகளும் வருந்தினர். மறு ஆண்டே அதை 100 டாலராகக் குறைத்தனர். இந்தியர் செலுத்துவது நாளொன்றுக்கு 1,200 ரூபாய். இதனைத் தோல்வி என்று சிலர் எழுதினர். நான் அவ்வாறு கருதவில்லை. விலையைக் கூட்டிப் பார்த்து, மக்களின் பிழைப்பு கெடுவதைக் கண்டு திருத்திக்கொள்வதும் ஆட்சியின் பண்பே.

மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சியே முதன்மையானது என்று அம்மன்னர் கூறியதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒன்பது களங்களில் 33 குறியீடுகளைக் கொண்டு மக்களின் நலத்தை அங்கு அளக்கின்றனர். 2010, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் பெரும் ஆய்வுகள் நடந்தன. உறக்கத்திற்கும் அண்டை வீட்டாரோடு உள்ள உறவுக்கும்கூட மதிப்பெண் உண்டு. அழகிய எண்ணம்தான். ஆயினும் 1990-களில் நேபாளி மொழி பேசும் மக்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு நீங்கி நேபாளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்ததையும் வரலாறு பதிந்துள்ளது. அம்மக்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வரவில்லை.

பரண்மேல் விழித்திருப்பவர்

இனி அம்மாணவியின் வினாவிற்கு வருவோம். வெட்டாமல் இருப்பதற்குப் பணம் கொடுப்பவர் யார்? மின்சாரம் வாங்கும் நாம் ஒரு பங்கு கொடுக்கிறோம். கட்டணம் செலுத்தும் பயணி ஒரு பங்கு. வெளிநாட்டு நன்கொடையாளர் ஒரு பங்கு: 2017-இல் தொடங்கிய ‘வாழ்வுக்காகப் பூடான்’ என்னும் நிதி ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் டாலரைத் திரட்டியது. தொடக்க ஆண்டுகளில் நன்கொடையின் பங்கு மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்து அரசின் பங்கு கூடும்படி அதனை வகுத்துள்ளனர். 2023 டிசம்பரில் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து பூடான் மேலே வந்துவிட்டது. ஆகவே வெளியுதவி என்றும் இவ்வாறே கிடைக்கும் என்று அந்நாடு எண்ணியிருக்க முடியாது.

எந்தப் பேரேட்டிலும் பதியாத பங்கு ஒன்று உண்டு. அதைச் செலுத்துபவர் உழவர். காடு தழைத்தால் காட்டுப்பன்றியும் மானும் குரங்கும் பெருகும். தெற்கே யானையும் வரும். விளைநிலம் காட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. சோளமும் நெல்லும் முற்றும் பருவத்தில் பூடானிய உழவர் இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்து, தகரத்தைத் தட்டியும் கூவியும் விலங்குகளை விரட்டுகிறார். நம் குறிஞ்சித் திணைப் பாடல்களில் பகலில் கிளியோட்டும் மகளிரும், இரவில் பன்றியை விரட்டும் கானவரும் தினைப்புனம் காப்பதைப் படித்திருக்கிறோம். நமக்கு அது இலக்கியம். அவர்களுக்கு இன்றும் அது கண்விழிப்பு. அரசு மின்வேலி அமைக்க உதவுகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்மக்கள் கூடிச் சமுதாயக் காடுகளைத் தாமே பேணிப் பயன்கொள்ள வழிசெய்தது. இன்று அத்தகைய காடுகள் பல நூறு உள்ளன. அவை நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் ஒரே இரவில் அழிந்த பயிருக்கு அவை முழு ஈடாகா.

முழுவதும் இயற்கை வேளாண்மை செய்யும் நாடாக 2020-க்குள் மாறுவோம் என்று பூடான் ஒருமுறை அறிவித்தது. அவ்விலக்கு எட்டவில்லை, பின்னுக்குத் தள்ளப்பட்டது. உண்ணும் அரிசியில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்தே செல்கிறது. படித்த இளைஞர்கள் வேலை தேடித் திம்புவுக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பல்லாயிரக்கணக்கில் புறப்படுகின்றனர். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் குறிக்க அவர்கள் மொழியில் ‘குங்டோங்’ என்றொரு சொல் இருக்கிறது. அரசின் அறிக்கைகளிலும் அச்சொல் இன்று வழங்குகிறது. ஒரு வீடு பூட்டப்பட்டால் அதன் வயல் தரிசாகும். தரிசில் புதர் மண்டும். புதரில் பன்றி தங்கும். அடுத்த வயலின் பரணில் இருப்பவருக்குக் காவல் இருமடங்காகும்.

அம்மாணவியின் தந்தைக்கு மறு ஆண்டே வேறிடத்திற்கு மாறுதல் வந்தது, எனக்கும் வந்தது. விடையை அவளிடம் நேரில் சொல்ல வாய்க்கவில்லை. வாங் சூ ஆறு இந்திய எல்லையைக் கடந்ததும் ரைடாக் என்று பெயர் மாறி, தூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களின் ஓரமாகப் பாய்கிறது. எங்கள் மாணவர்கள் சுற்றுலா சென்று கூழாங்கல் பொறுக்கிய ஆறு அதுவே.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்: சுழலி – நீரின் விசையால் சுழன்று மின்சாரம் உண்டாக்க உதவும் பொறி, தரிசு – பயிரிடாத நிலம், பரண் – காவலுக்காக உயரத்தில் கட்டிய மேடை, பேரேடு – வரவு செலவுக் கணக்குப் புத்தகம்.

இலக்கணக்குறிப்பு எழுதுக: ஆறும் காடும், விளைநிலம், பொழியாத மாதங்கள்.

குறுவினா

1. ‘வனச் சட்டத்தை மின்சாரக் கொள்கை என்றும் சொல்லலாம்’ என்று ஆசிரியர் கூறக் காரணம் யாது?

2. காடு பற்றி இந்தியா வகுத்ததற்கும் பூடான் வகுத்ததற்கும் உள்ள வேறுபாடு என்ன?

நெடுவினா

3. தோர்தோர்மி ஏரியை வடித்த செலவை யார் ஏற்றிருக்க வேண்டும்? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

4. நீவிர் பூடானிய உழவர் ஒருவரின் மகன் அல்லது மகள் எனக் கொள்க. ஆஸ்திரேலியா செல்ல வாய்ப்பு வந்துள்ளது. பரண்மேல் இருக்கும் தந்தைக்கு ஒரு மடல் வரைக.

செயல்பாடு

5. நீவிர் இப்போது வாழும் ஊரின் குடிநீர் எந்த மலையிலிருந்து அல்லது எந்தக் காட்டிலிருந்து வருகிறது எனக் கேட்டறிக. அதைக் காப்பவர் எவர் என்பதை வகுப்பில் கூறுக.